மீன்களின் அச்சத்தைப் படித்தவர்

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில் கேரித் தீவு அமைந்துள்ளது. கிள்ளானுக்குத் தெற்கே உள்ள இத்தீவை லங்காட் ஆறு நிலப்பகுதியிலிருந்து பிரிக்கிறது. தீவின் பெரும்பகுதியில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. கரையோரத்தில் கண்டல் காடுகள் அடர்ந்திருக்கின்றன. மா மெரி எனப்படும் பூர்வகுடி மக்களும் தோட்டத்தில் உழைத்து வந்த தமிழ்க் குடும்பங்களும் இங்கு வாழ்ந்து வருகின்றனர்.

கடல் நீர் ஏறும்போது கண்டல் வேர்களுக்கிடையே சிறுமீன்கள் கூட்டமாக வந்து இரை தேடும். அமைதியான நேரத்தில் ஒவ்வொரு மீனும் சற்று இடைவெளி விட்டு மேயும். கரையில் நிற்கும் கொக்கின் நிழல் நீரில் விழுந்தால் போதும். பரந்திருந்த கூட்டம் நொடியில் நெருங்கிவிடும். எல்லா மீன்களும் ஒரே திசையில் திரும்பி, வேர்களுக்குள் மறைந்துவிடும். நெருக்கடி வந்தால் கூட்டத்தின் போக்கே மாறிவிடுகிறது.

நிழலைக் கண்டு அஞ்சுவது எளிதில் விளங்கும். ஆனால், ஆற்று முகத்துவாரத்தின் நீர் பெரும்பாலும் சேறு கலந்து கலங்கியிருக்கும். அந்நீரில் ஒரு மீனுக்கு அடுத்த மீன்கூடச் சரியாகத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மீனுக்கு நேர்ந்த ஆபத்தை மற்ற மீன்கள் எப்படி அறிகின்றன? இக்கேள்விக்குரிய விடையின் முதல் பகுதி, தொலைவில் உள்ள ஆஸ்திரிய நாட்டின் ஓர் ஏரிக்கரையில் கிடைத்தது. அதைக் கண்டறிந்தவர் கார்ல் வான் ஃபிரிஷ். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்தவராகவே அவரை உலகம் நன்கு அறியும். ஆயினும், தேனீக்களிடம் செல்வதற்கு முன்பே அவர் மீன்களிடம் பாடம் கற்கத் தொடங்கிவிட்டார்.

இளமைப் பருவம்

கார்ல் வான் ஃபிரிஷ் 1886ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பிறந்தார். தந்தையார் அன்டோன் வான் ஃபிரிஷ் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். தாயார் மரீ, எக்ஸ்னர் என்னும் கல்விக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய உடன்பிறந்தவரான சிக்மண்ட் எக்ஸ்னர், பூச்சிகளின் கூட்டுக் கண்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆராய்ந்த உடலியல் அறிஞர். நான்கு ஆண்மக்களுள் கார்ல் இளையவர்.

சிறுவன் கார்லுக்கு உயிரினங்கள்மீது அளவற்ற ஈடுபாடு இருந்தது. பறவைகள், பல்லிகள், மீன்கள், பூச்சிகள் எனப் பலவற்றை வீட்டிலேயே வளர்த்தான். அவற்றைக் கூண்டிலும் தொட்டியிலும் வைத்திருந்ததோடு அவன் நிற்கவில்லை. அவற்றின் அருகில் நெடுநேரம் அசையாமல் அமர்ந்து கவனிப்பான். அவசரமாகப் பார்ப்பவருக்குத் தெரியாத பல செய்திகள், பொறுமையாகக் காத்திருப்பவருக்குத் தெரியவரும் என்பதை அவன் இளமையிலேயே உணர்ந்துகொண்டான்.

வொல்ஃப்காங் ஏரிக்கரையில் உள்ள புருன்விங்கல் என்னும் சிற்றூரில் அக்குடும்பத்திற்கு ஒரு பழைய மாவாலை வீடு இருந்தது. கோடை விடுமுறைதோறும் குடும்பத்தினர் அங்கே கூடுவர். தெளிந்த நீரும் மலைகளும் சூழ்ந்த அந்த இடம், பின்னாளில் ஃபிரிஷின் திறந்தவெளி ஆய்வுக்கூடமாக மாறியது.

மீன்கள் காட்டிய வழி

தந்தையாரின் விருப்பப்படி ஃபிரிஷ் முதலில் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். ஆனால், அவரது மனம் விலங்கியலையே நாடியது. ஆகவே, ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று, ரிச்சர்ட் ஹெர்ட்விக் என்னும் பேராசிரியரிடம் விலங்கியல் கற்றார். பின்னர் வியன்னாவிற்குத் திரும்பி, ஹான்ஸ் பிரிசிப்ராம் என்பவரின் ஆய்வு நிலையத்தில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். 1910ஆம் ஆண்டில் அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது.

அந்த ஆய்வுக்கு அவர் தேர்ந்தெடுத்த உயிரினம் மின்னோ என்னும் சிறுமீன். இது ஐரோப்பிய ஓடைகளிலும் ஏரிகளிலும் கூட்டமாக வாழும். ஒரு விரல் நீளமே இருக்கும். நம் நாட்டு ஆறுகளில் துள்ளும் செலுவாங் மீனுக்கு இது தூரத்து உறவு எனலாம். மின்னோ மீன், சூழலுக்கேற்பத் தன் தோலின் நிறத்தை மாற்றிக்கொள்ளும். வெளிர்நிறத் தரையின்மேல் வெளிறிப்போகும். கருநிறத் தரையின்மேல் கறுத்துவிடும். நரம்புகள் இந்நிற மாற்றத்தை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதை ஃபிரிஷ் ஆராய்ந்தார். பார்வையற்ற மின்னோ மீனும் வெளிச்சத்திற்கேற்ப நிறம் மாறுவதைக் கண்டு வியந்தார். அம்மீனின் நெற்றிக்குக் கீழே மூளைப்பகுதியில் ஒளியை உணரும் ஓர் இடம் இருப்பதை அவர் கண்டறிந்தார்.

அக்காலத்தில் கார்ல் வான் ஹெஸ் என்ற பெயர்பெற்ற கண் மருத்துவப் பேராசிரியர், மீன்களுக்கு நிறங்களே தெரியாது என்று உறுதியாகக் கூறிவந்தார். இளைஞரான ஃபிரிஷ் அதை ஏற்கவில்லை. வாய்ச்சண்டையில் இறங்காமல், அவர் மின்னோ மீன்களுக்கு ஒரு பயிற்சி அளித்தார். குறிப்பிட்ட நிறத்தைக் காட்டி உணவளித்தார். சில நாள்களில் உணவு இல்லாதபோதும் மீன்கள் அந்நிறத்தைத் தேடி வந்தன. அவை நிறத்தை அறிகின்றன என்பது தெளிவாயிற்று. தேனீக்களும் நிறத்தை அறியும் என்பதை அதே முறையில் அவர் மெய்ப்பித்தார். பெரியவர் ஒருவரை எதிர்த்ததால் அவருக்குக் கடுமையான விமர்சனங்கள் வந்தன. எனினும், சோதனை முடிவுகள் அவர் பக்கம் நின்றன.

முதல் உலகப் போர் மூண்டபோது, கண் பார்வைக் குறைபாட்டினால் அவர் படையில் சேர்க்கப்படவில்லை. வியன்னா மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார். அங்குத் தாதியாகப் பணிபுரிந்த மார்கரெத்தே மோர் என்பவரை 1917ஆம் ஆண்டில் மணந்துகொண்டார்.

1921ஆம் ஆண்டில் ரொஸ்டோக் நகரில் பேராசிரியரானார். அப்போது மீன்களுக்குக் காது கேட்காது என்ற கருத்தே அறிஞர்களிடையே நிலவியது. ஃபிரிஷ், பார்வையற்ற ஒரு கெளுத்தி மீனைத் தொட்டியில் வளர்த்தார். அதற்குச் சாவெர்ல் என்று பெயரிட்டார். அது பகல் முழுவதும் ஒரு குழாய்க்குள் பதுங்கிக் கிடக்கும். உணவளிக்கும் முன் ஒவ்வொரு முறையும் அவர் சீழ்க்கை அடித்தார். சில நாள்களில், சீழ்க்கை ஒலி கேட்டதும் சாவெர்ல் குழாயை விட்டு வெளியே வந்தது. மீன்கள் செவிடு என்று எழுதியிருந்த ஒரு காது மருத்துவப் பேராசிரியரை அழைத்து, ஃபிரிஷ் அதைக் காட்டினார். நேரில் கண்டவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

ஏரிக்கரையில் ஒரு நிகழ்ச்சி

1925ஆம் ஆண்டில் ஃபிரிஷ் மியூனிக் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1930களின் தொடக்கத்தில் ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் உதவியோடு அங்குப் புதிய விலங்கியல் கழகம் எழுந்தது. பெரிய பதவிக்கு வந்தபின்னும் கோடைக்காலத்தில் அவர் புருன்விங்கலுக்குச் சென்று, ஏரிக்கரையில் தேனீக்களுடனும் மீன்களுடனும் பொழுதைக் கழித்தார்.

ஏரியின் ஆழமற்ற பகுதியில் வாழ்ந்த மின்னோ மீன்களுக்கு அவர் ஒரே இடத்தில் தொடர்ந்து உணவளித்தார். நாளடைவில் அவை அச்சமின்றி அந்த இடத்திற்கு வரத் தொடங்கின. ஒருநாள் அக்கூட்டத்தில் ஒரு மீனை மட்டும் அடையாளம் காண வேண்டிய தேவை ஏற்பட்டது. தம் பழைய நிறமாற்ற ஆய்வு அப்போது அவருக்குக் கைகொடுத்தது. மின்னோ மீனின் வால் பக்கத்தில் குறிப்பிட்ட நரம்பொன்றைத் துண்டித்தால், அதற்குப் பின்னுள்ள பகுதி கறுத்துவிடும். அதனால், அம்மீனை எளிதில் இனங்காணலாம். ஒரு மீனுக்கு அவ்வாறே சிறு கீறல் இட்டு, மீண்டும் கூட்டத்தில் விட்டார்.

சிறிது நேரத்தில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. நாள்தோறும் அமைதியாக மேய்ந்த கூட்டம் கலவரமடைந்தது. மீன்கள் ஒன்றையொன்று நெருங்கி, ஓர் இறுகிய திரளாயின. பிறகு அந்த இடத்தை விட்டே அகன்றன. உணவு இட்டும் அவை திரும்பி வரத் தயங்கின.

தம் வேலைக்கு இடையூறு நேர்ந்துவிட்டது என்று எண்ணி ஃபிரிஷ் வேறு கூட்டத்தைத் தேடிச் சென்றிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அந்த இடையூற்றையே புதிய கேள்வியாக எடுத்துக்கொண்டார். காயம்பட்ட ஒரு மீன், காயமில்லாத பல மீன்களை அச்சுறுத்தியது எப்படி?

சோதனைக்கு மேல் சோதனை

இதற்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். மீனின் மாறுபட்ட தோற்றம் மற்றவற்றை மிரட்டியிருக்கலாம். அது துடித்து நீந்திய விதம் அச்சத்தை ஊட்டியிருக்கலாம். அது ஏதேனும் ஒலி எழுப்பியிருக்கலாம். அல்லது காயத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் நீரில் கலந்திருக்கலாம். ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே சோதித்தால்தான் உண்மை விளங்கும்.

காயமின்றி மிரட்டப்பட்ட மீன், கூட்டத்தில் அத்தகைய அச்சப்பொருளைப் பரப்பவில்லை. ஆனால், காயம்பட்ட மீனின் தோலை நறுக்கி, நீரில் ஊறவைத்து, அந்நீரை மட்டும் உணவிடும் இடத்தில் விட்டபோது மீன்கள் நடுங்கின. அங்கே காயம்பட்ட மீனும் இல்லை, பகை மீனும் இல்லை, ஒலியும் இல்லை. இருந்தும் கூட்டம் நெருங்கியது, தரையை நோக்கி இறங்கியது, பதுங்கியது. உடலின் பிற உறுப்புகளைவிடத் தோலுக்கே இந்த ஆற்றல் மிகுதி என்பதும் தெரியவந்தது. மோப்ப நரம்பு துண்டிக்கப்பட்ட மீன்களோ தோல்நீரைப் பொருட்படுத்தவில்லை. ஆகவே, மீன்கள் இந்தச் செய்தியை மூக்கின் வழியாகவே பெறுகின்றன என்பது உறுதியாயிற்று.

தோலில் மறைந்திருக்கும் இப்பொருளுக்கு ஃபிரிஷ் தம் தாய்மொழியான ஜெர்மனில் ஷ்ரெக்ஸ்டோஃப் என்று பெயர் சூட்டினார். அச்சப்பொருள் என்பது அதன் பொருள். மின்னோ மீனின் மேல்தோலில் சிறப்பான சில உயிரணுக்கள் உள்ளன. அவற்றிற்குத் தோலின் வெளிப்புறம் நோக்கித் திறக்கும் வாயில் கிடையாது. அதனால் மீன் எவ்வளவு அஞ்சினாலும், தானாக விரும்பி அப்பொருளை வெளியிட முடியாது. பகை மீனின் பல் பட்டுத் தோல் கிழிந்தால் மட்டுமே அது நீரில் கலக்கும். இதனால் பொய்யான எச்சரிக்கைக்கு இடமில்லை. எங்கோ ஒரு மீன் உண்மையாகவே கடிபட்டிருந்தால்தான் கூட்டத்திற்குச் செய்தி எட்டும்.

இந்த ஆற்றல் மின்னோ மீனுக்கு மட்டும் உரியதன்று. கெண்டை, கெளுத்தி முதலிய மீன்களை உள்ளடக்கிய பெரும்பிரிவில் இது பரவலாகக் காணப்படுகிறது. நம் நாட்டின் செலுவாங், லம்பாம் ஆகியவையும் அப்பெரும்பிரிவைச் சேர்ந்தவையே. தன் இனத்தின் தோலுக்கு ஒரு மீன் மிகுதியாக அஞ்சும்; நெருங்கிய உறவுடைய இனத்தின் தோலுக்கு ஓரளவு அஞ்சும்; உறவு தூரமாக ஆக, அச்சமும் குறையும். தன்னைப் போன்ற மீனைத் தின்னும் பகை, தன்னையும் தின்னக்கூடும் அல்லவா?

ஃபிரிஷ் இக்கண்டுபிடிப்பை 1938ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டார். பின்னர், நூறு பக்கங்கள் கொண்ட விரிவான கட்டுரையை 1941–42இல் எழுதி வெளியிட்டார். அதை அவர் எழுதிய காலமோ அமைதியான காலமன்று.

அச்சம் சூழ்ந்த ஆண்டுகள்

1933ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹிட்லரின் நாசிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அரசு ஊழியர் ஒவ்வொருவரும் தம் முன்னோர் யூதர் அல்லர் என்று சான்று காட்ட வேண்டும் என்னும் சட்டம் பிறந்தது. யூதப் பேராசிரியர்கள் பதவி இழந்தனர். பலர் நாட்டை விட்டு வெளியேறினர். பல்கலைக்கழகங்களில் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கும் நிலை உருவானது.

ஃபிரிஷின் தாய்வழிப் பாட்டி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இச்செய்தி ஆட்சியாளரின் கவனத்திற்குச் சென்றது. 1941ஆம் ஆண்டு சனவரியில், அவர் கால்பங்கு யூதர் என வகைப்படுத்தப்பட்டுள்ளதாகவும், பதவியிலிருந்து நீக்கப்படவிருப்பதாகவும் அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு மீனுக்கு அடையாளமிட்டுக் கூட்டத்தில் விட்டவர், இப்போது தாமே அடையாளமிடப்பட்டார். பல்லாண்டு உழைப்பால் எழுந்த விலங்கியல் கழகமும், அவரை நம்பியிருந்த மாணவர்களின் ஆய்வுகளும் ஒரே கடிதத்தால் கைநழுவிப் போகும் நிலை வந்தது.

அவருக்காகச் சக அறிஞர்கள் பரிந்து பேசினர். ஆயினும், அவரது பதவியைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு தேனீக்களைச் சேரும். அவ்வாண்டுகளில் நோசீமா என்னும் நுண்ணுயிர் நோய் ஜெர்மனியின் தேனீக் கூடுகளைப் பேரளவில் அழித்து வந்தது. தேனீக்கள் குறைந்தால் பழ மரங்களும் பயிர்களும் காய்க்கா. போர்க்காலத்தில் உணவுப் பற்றாக்குறையை எண்ணி அரசு அஞ்சியது. அந்நோயை ஆராயத் தகுதி வாய்ந்தவர் ஃபிரிஷ் என்பதால், அவரது பணிநீக்கம் போர் முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் போரே அந்த ஆட்சியை முடித்துவைத்தது.

எல்லாருக்கும் அந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை. இளமையில் ஃபிரிஷ் ஆய்வு செய்த வியன்னா நிலையத்தை நிறுவிய ஹான்ஸ் பிரிசிப்ராம், யூதர் என்பதால் தெரெசியன்ஸ்டாட் முகாமில் அடைக்கப்பட்டு, 1944ஆம் ஆண்டில் அங்கேயே உயிரிழந்தார். அதே ஆண்டில் மியூனிக் நகரின்மேல் விழுந்த குண்டுகள் விலங்கியல் கழகத்தையும் ஃபிரிஷின் வீட்டையும் சிதைத்தன. அவர் புருன்விங்கலுக்குச் சென்று, தம் ஆய்வைத் தொடர்ந்தார். தேனீ தன் நடனத்தின் வாயிலாக உணவின் திசையையும் தொலைவையும் தோழியருக்கு அறிவிக்கிறது என்ற புகழ்பெற்ற உண்மையைப் போரின் இறுதி ஆண்டுகளில்தான் அவர் கண்டுணர்ந்தார்.

பிற்காலம்

போருக்குப் பின் ஃபிரிஷ் 1946ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1950ஆம் ஆண்டில் மியூனிக்குத் திரும்பி, இடிந்த கழகத்தை மீண்டும் கட்டியெழுப்ப உதவினார். 1958ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்னும் ஆய்வை அவர் கைவிடவில்லை.

அறிவியல் செய்திகளைப் பொதுமக்களுக்கு எளிய நடையில் எழுதுவதிலும் அவர் வல்லவர். தேனீக்களின் வாழ்க்கையைப் பற்றி 1927ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அறிவியலை மக்களிடம் கொண்டு சேர்ப்பவர்களுக்கு யுனெஸ்கோ அமைப்பு வழங்கும் கலிங்கப் பரிசு 1958ஆம் ஆண்டுக்காக அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசு, இந்தியாவின் ஒடிசா மாநிலத்தைச் சேர்ந்த பிஜு பட்நாயக் அளித்த நிதியில் நிறுவப்பட்டதாகும்.

1973ஆம் ஆண்டில் கொன்ராட் லோரென்ஸ், நிக்கோ தின்பெர்கன் ஆகியோருடன் சேர்த்து, மருத்துவத்திற்கான நோபெல் பரிசு ஃபிரிஷுக்கு வழங்கப்பட்டது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவர்களுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. அப்போது அவருக்கு அகவை எண்பத்தாறு. 1982ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் அவர் மியூனிக் நகரில் காலமானார்.

தொடரும் தேடல்

ஃபிரிஷ் தொடங்கிவைத்த ஆய்வு அவருடன் முடிந்துவிடவில்லை. கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1989ஆம் ஆண்டில், மின்னோ இனம் ஒன்றின் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் உள்ள அச்சப்பொருள் 58,000 லிட்டருக்கும் மேற்பட்ட நீரில் எச்சரிக்கையாக விளங்கக்கூடும் எனக் கணக்கிட்டனர். கைவிரல் நகத்தளவு தோலே ஒரு குளத்து மீன்களை எச்சரிக்கப் போதுமானது.

அச்சப்பொருள் எந்த வேதிப்பொருளால் ஆனது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. நம் அண்டை நாடான சிங்கப்பூரில் சுரேஷ் ஜேசுதாசன், அஜய் மதுரு உள்ளிட்ட ஆய்வுக் குழுவினர் வரிக்குதிரை மீன்களைக் கொண்டு அதை ஆராய்ந்தனர். தோலில் இயற்கையாகவே உள்ள காண்ட்ரோய்டின் என்னும் சர்க்கரைச் சங்கிலியின் துண்டுகள் மீன்களுக்கு அச்சமூட்டுவதை 2012ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். புண் ஏற்படும்போது இச்சங்கிலி அறுபட்டு, துண்டுகள் நீரில் கலக்கின்றன.

மணத்தை முகராத மீனும் அஞ்சுவதுண்டு. பக்கத்தில் உள்ள மீன்கள் பதறுவதைக் கண்டாலே அதற்குப் பதற்றம் தொற்றிக்கொள்ளும். 2023ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டு ஆய்வாளர்கள், ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் இதற்குத் தேவைப்படுவதை வரிக்குதிரை மீன்களில் கண்டறிந்தனர். மனிதர் பிறர் துன்பத்தை உணர்வதிலும் இதே இயக்குநீருக்குப் பங்குண்டு என்று கருதப்படுகிறது. ஆகவே, கூட்டத்தில் அச்சம் இரு வழிகளில் பரவுகிறது: ஒன்று, காயம்பட்டதன் தோல் தரும் செய்தி, மற்றொன்று, அஞ்சியவற்றின் நடத்தை தரும் செய்தி.

அச்சம் மீனுக்குத் தேவையான ஒன்று. உரிய நேரத்தில் நெருங்கி நின்று பதுங்கும் கூட்டத்தை வேட்டையாடுவது பகைக்கு எளிதன்று. ஆனால், அச்சம் ஓயாமல் நீடித்தால் அதுவே தீங்காகிவிடும். பதுங்கியிருக்கும் மீன் இரை உண்பதில்லை. தொடர்ந்து நெருக்கடியில் இருக்கும் மீனின் வளர்ச்சி குன்றும். நோயை எதிர்க்கும் ஆற்றல் குறையும். கிள்ளான் கடலோரத்தில், நண்டுத் தீவு எனப்படும் புலாவ் கெத்தாமில் மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்க்கிறார்கள். இத்தகைய பண்ணைகளில் வலையை வீசும்போதும் மீன்களை இடம் மாற்றும்போதும் தோல் உரியாமல் பார்த்துக்கொள்வதும், அளவுக்கு மீறி நெருக்கி அடைக்காமல் இருப்பதும் மீன்களின் நலத்திற்கு இன்றியமையாதவை.

நீர் மாசடைந்தாலும் எச்சரிக்கை முறை குலைகிறது. நீரில் அமிலத்தன்மை மிகுந்தால் அச்சப்பொருள் தன் ஆற்றலை இழக்கிறது. செம்பு போன்ற உலோகக் கழிவுகள் மீனின் மோப்ப உணர்வைக் கெடுக்கின்றன. அப்போது அடுத்த மீன் கடிபட்டாலும் கூட்டத்திற்குத் தெரியாது. வெளிப்பார்வைக்கு மீன்கள் அமைதியாக மேய்வதுபோல் தோன்றும். உண்மையில் அவை காவலை இழந்து நிற்கும். லங்காட் ஆறும் கிள்ளான் ஆறும் கடலில் கலக்கும் இடங்களில் நீரைத் தூய்மையாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இன்னொரு புதிரும் எஞ்சியிருக்கிறது. கடிபட்ட மீனுக்குத் தன் அச்சப்பொருளால் என்ன பயன்? அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. தோலில் உள்ள அவ்வுயிரணுக்கள் முதலில் நோய்க்கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் எதிர்ப்பதற்காகவே தோன்றியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவ்வாறாயின், எச்சரிக்கை என்பது மற்ற மீன்கள் அந்த மணத்திலிருந்து தாமாகக் கற்றுக்கொண்ட பாடமாகும். இதைப் பற்றிய ஆய்வு இன்றும் நடைபெற்று வருகிறது.

கார்ல் வான் ஃபிரிஷ் தம் வாழ்நாளில் பெரிய கருவிகளை நம்பி ஆய்வு செய்தவர் அல்லர். ஒரு தொட்டி, ஒரு சீழ்க்கை, சில வண்ணத் தாள்கள், ஏரிக்கரையில் ஓர் இருக்கை ஆகியவையே அவருக்குப் பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. மீன்களுக்கு நிறம் தெரியாது, காது கேட்காது என்று மற்றவர்கள் முடிவு செய்திருந்தபோது, அவர் மீன்களையே கேட்டுப் பார்த்தார். தம் கூட்டம் ஏன் மிரண்டது என்ற கேள்வியை அவர் புறக்கணித்திருந்தால், கலங்கிய நீரில் மீன்கள் ஒன்றுக்கொன்று தரும் எச்சரிக்கையை உலகம் இன்னும் நெடுங்காலம் அறியாமலே இருந்திருக்கும்.